டேங்க் மண்

மூக்குக் கண்ணாடியின் பழைய கூட்டைத் தேடி நேற்று மேசை இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்தேன். கூடு கிடைக்கவில்லை. பின்மூலையில் ஒரு பிலிம் ரோல் டப்பா கிடந்தது. கறுப்பு உடம்பு, சாம்பல் நிற மூடி. குலுக்கினால் பிலிம் சத்தம் வரவில்லை. திறந்ததும் அன்றைய பேப்பரின் ஏழாம் பக்கத்தில், சரியாகச் சொன்னால் நான் எழுதிய செய்தியின் மேலேயே, ஒரு சிட்டிகை மண் கொட்டியது. சாம்பலும் மஞ்சளும் கலந்த மண். மோந்து பார்த்தேன். லேசாகத் தின்னர் வாடை. உம் மாடியறையின் வாடை.

டப்பாவில் ஒட்டியிருந்த துண்டுத்தாளில் மூன்று வரிகள். முதல் வரி என் கையெழுத்து: 'சிற்றாற்றங்கரை, இலஞ்சிக்குக் கீழே.' இரண்டாவது உம்முடையது, பென்சிலில்: 'இதுதான்.' மூன்றாவதும் உம்முடையதே, சிவப்பு மையில்: 'நிருபர் தகவல். சரிபார்க்கவும்.'

நீர் போய் ஒரு வருஷம் ஆகிறது. உம் மறைவுச் செய்தியை எழுதியது நான்தான். எட்டு வரி. வயது சரி, ஊர் சரி, டேங்க் படைப்பிரிவில் இருபத்து நான்கு வருஷம் டிரைவராக இருந்தீர் என்பதும் சரி. இந்த மூன்று வரிகளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அந்த எட்டு வரியில் விட்டுப்போனது இது.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது தென்காசியில் ஒரு பெயிண்ட் கடையில். நான் வீட்டு ஜன்னலுக்கு எனாமல் வாங்க நின்றேன். நீர் எனக்கு முன்னால் நின்று, டேங்க்குக்கு அடிக்கப் பச்சை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தீர். கடைக்காரர் பொறுமைசாலி.

"என்ன டேங்க் அண்ணாச்சி, ஆயிரம் லிட்டரா, ஐந்நூறா?"

"முப்பத்தஞ்சுல ஒண்ணு."

"முப்பத்தஞ்சு லிட்டர்ல டேங்க் வாரதில்லையே. டிரம்மு சொல்லுதியளா?"

"டேங்க்யா. முன்னாடி பீரங்கி நீட்டிக்கிட்டு இருக்குமே, அது."

கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஊரில் புரியாதது எது நடந்தாலும் நிருபரைப் பார்ப்பது வழக்கம். உண்மையான டேங்க்கை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் மாடல் அது என்றும், ஒரு சாண் நீளம் இருக்கும் என்றும் நீர் விளக்கினீர். அதோடு விட்டிருக்கலாம். புதுப் பச்சை வேண்டாம், ரெண்டு வருஷம் வெயிலில் நின்ற பச்சை வேண்டும் என்றீர். கடைக்காரர் யோசித்துவிட்டு, புதுசைத்தான் தர முடியும், வாங்கிக்கொண்டுபோய் ரெண்டு வருஷம் வெயிலில் வையுங்கள் என்றார். நான் சிரித்துவிட்டேன். நீர் என்னை முறைத்தீர். பிறகு எதிரே இருந்த டீக்கடையில் எனக்கு ஒரு வடை வாங்கித் தந்து, பிளாஸ்டிக்குக்கு வெயிலில் ஒன்றும் ஆகாது என்று முக்கால் மணிநேரம் விளக்கினீர்.

அந்தக் கடைக்காரரால் உம் பெயர் ஊரில் 'டேங்க் பெயிண்டர்' என்று பரவியது. அடுத்த தெருவிலிருந்து ஒரு அம்மா வந்து, மொட்டை மாடியில் புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டிக்கு வெள்ளை அடித்துத் தரவேண்டும் என்று கேட்டார். ராணுவத்தில் இருபத்து நான்கு வருஷம் இருந்தவருக்கு 'முடியாது' என்று சொல்லப் பழக்கம் இல்லை. அடித்துக் கொடுத்தீர். அதோடும் விட்டிருக்கலாம். கை சும்மா இருக்காமல், மூடிக்குக் கீழே துருவின் வழிசல் ரெண்டு, குழாய்ப் பக்கம் பாசியின் கறை, அடிவிளிம்பில் மழைச்சேறு தெறித்த புள்ளிகள் என்று போட்டுவிட்டு இறங்கினீர். அந்த அம்மா மேலே ஏறிப் பார்த்துவிட்டு, தொட்டி ஒழுகுகிறது என்று கொத்தனாரைத் திரும்பக் கூப்பிட்டார். கொத்தனார் ஒழுகலைத் தேடி ஒரு பகல் முழுக்க அங்கே இருந்தார். அது நீர் வாங்கிய பாராட்டுகளிலேயே பெரியது என்று பல தடவை என்னிடம் சொல்லியிருக்கிறீர்.

ரயில்வே கேட்டுக்கு மேற்கே உம் வீட்டு மாடியறைக்கு அதன்பிறகு வாரத்துக்கு ரெண்டு தடவையாவது வந்தேன். பதினோரு டேங்க்குகள் பலகையில் வரிசையாக நின்றன. கடையநல்லூர்க்காரர் ஒருவர் துபாயிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு மாடல் பெட்டி வாங்கிவருவார். ஒட்டிப் பச்சை அடிக்க உமக்கு ஒரு வாரம். அதை அழுக்காக்க மூன்று மாதம். "புதுசா பெயிண்ட் அடிக்கது எவனுக்கும் வரும்வே. அழுக்குப் போடணும். அதுதான் வேலை" என்பீர். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துணுக்கைப் பிய்த்து, கரும்பழுப்பில் தோய்த்து, காகிதத்தில் ஒற்றி, வீரர்கள் ஏறி இறங்கும் இடங்களில் மட்டும் தட்டுவீர். பெயிண்ட் உரிந்து இரும்பு தெரிகிறாற்போல் ஆகிவிடும். தின்னரில் கரைத்த கறுப்பைத் திருகாணிகளைச் சுற்றி ஓடவிட்டு, ஓரங்களில் காய்ந்த தூரிகையால் தேய்ப்பீர். அரை மணிநேரத்தில் அந்தப் பிளாஸ்டிக்குக்கு எடை வந்துவிடும்.

துரு படிப்பதற்காகப் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு செங்கல் லாரியின் கதவுக்கு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு நீர் நின்றதையும், டிரைவர் இறங்கி வந்து என்ன வேண்டும் என்று கேட்டதையும், "ஒண்ணும் வேண்டாம், துரு பாக்கேன்" என்று நீர் சொன்னதையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வண்டியை விற்கிற எண்ணம் இல்லை என்றார் அவர்.

உம் மனைவியை நான் மதினி என்றும் அவர் என்னை அண்ணாச்சி என்றும் அழைப்போம். முறைப்படி இது பொருந்தாது, இருவரும் திருத்திக்கொள்ளவில்லை. மதினியின் கட்சி வேறு. "வீட்டுச் சுவத்துக்கு வெள்ளையடிச்சு ஏழு வருசம் ஆச்சு. இவுக அங்கன உக்காந்து பொம்மைக்கு அழுக்குப் பூசுதாவ" என்பார். இன்னொரு நிரந்தரப் புகார், வீட்டு மாடியில் இருந்த கறுப்புத் தண்ணீர் டேங்க். மோட்டாரை நிறுத்த உமக்கு ஞாபகம் இருக்காது. டேங்க் நிறைந்து, ஓரக் குழாய் வழியாக முற்றத்தில் கொட்டும். மிதவை வால்வு வைக்கச் சொல்லி மதினி வருஷக்கணக்காகச் சொல்லிவந்தார். பச்சை டேங்க்குகளையே கவனிக்க நேரம் போதாத மனிதர், கறுப்பு டேங்க்கை எப்படிக் கவனிப்பார்.

ஊரில் எல்லாரும் உம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எத்தனை டேங்க்கை வீழ்த்தினீர்? "ஒண்ணு. எங்களுது" என்பீர். அவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். நான் நிருபர், இன்னொரு கேள்வி கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

அது போர்கூட இல்லை, பயிற்சி. பஞ்சாபில் ஒரு ஆற்றுப்படுகை. விடிந்து கொஞ்ச நேரம். வரிசையில் முதல் வண்டி உம்முடையது. நீர் முன்னால் தலையை வெளியே நீட்டி ஓட்டுகிறீர். மேலே கோபுரத்தில் கமாண்டர் நிற்கிறார். படுகை காய்ந்து, வெடித்து, மாட்டுவண்டி போகலாம்போல் கிடந்தது என்பது உம் தரப்பு. பாதி தூரத்தில் மேல்தோல் உடைந்து, முப்பத்தாறு டன் எடையும் சக்கரங்கள் மூழ்க இறங்கி உட்கார்ந்தது. இழுத்து மீட்கும் வண்டி வர மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் நாலு பேர் டேங்க்கின் மேல் சப்பாத்தி சுட்டுத் தின்றுகொண்டிருந்தீர்கள். மற்ற டேங்க்குகள் வேறு வழியாகச் சுற்றிப் போகும்போது கை அசைத்துவிட்டுப் போயின.

கமாண்டர் கொடுத்த விளக்கம் ஒரே வரி: டிரைவர் தூங்கிவிட்டான். அதன்பின் நாற்பது வருஷம், படைப்பிரிவுக்காரர்கள் கூடுமிடத்திலெல்லாம் அந்த ஒரு வரி ஓடியது. ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் அவர் உமக்குப் போன் செய்வார். வாழ்த்து சொல்லிவிட்டு, "முழிச்சிட்டியா?" என்று கேட்பார். உம் மகள் கல்யாணத்துக்கு வந்த தந்தியில்கூட அது இருந்தது.

அந்தக் கமாண்டர் சாப் கன்னியாகுமரி பார்க்க வருகிறார், வழியில் குற்றாலத்தில் ஒரு நாள் தங்கி உம் வீட்டுக்கு வருவார் என்று சேதி வந்தபோது அவர் வரும் ஐப்பசிக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. அன்றே முடிவு செய்தீர். அதே டேங்க், அதே படுகை. வாயால் சொல்லி நாற்பது வருஷமாக எடுபடாததை ஒரு தட்டில் செய்து அவர் கண்முன் வைப்பது. மேலே காய்ந்தது, உள்ளே சேறு. அவரே விரலால் தொட்டு, "காய்ந்துதான் இருந்தது" என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். "செத்தா எனக்குத் தூங்குமூஞ்சின்னு பேரு நிக்கும்வே" என்றீர். உமக்கு இதைத் தவிர உலகத்தில் வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

டேங்க் தயார். மண்தான் இல்லை. என்னிடம் ஒரு சாக்கு நிறைய காலி பிலிம் டப்பாக்கள் இருந்தன. டிஜிட்டல் வந்தபின்னும் தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருந்தேன். செய்திக்குப் போகிற ஊரிலெல்லாம் ஒரு டப்பா மண் எடுத்து, இடத்தை எழுதி ஒட்டி, உம்மிடம் கொண்டுவரும் வேலை எனக்கு. ஒவ்வொன்றின்மேலும் நீர் தீர்ப்பு எழுதுவீர். சுந்தரபாண்டியபுரம் செம்மண்: 'கண்ணைக் குத்துது. வேண்டாம்.' சுரண்டைக் கரிசல்: 'இதைப் பார்த்தும் வண்டியை விட்டால் தூங்கினதாகத்தான் அர்த்தம். வேண்டாம்.' கடையநல்லூர்க் குளத்து வண்டல்: 'கிட்ட வருது. வேண்டாம்.' ஒரு தடவை மந்திரி விழாப் பந்தலில் என் பையைச் சோதித்த போலீஸ்காரர், ஏழு டப்பா மண்ணையும் மேசையில் வரிசையாக வைத்து, எதற்கு என்று கேட்டார். டேங்க்குக்கு என்றேன். என்ன டேங்க் என்றார். ராணுவ டேங்க் என்றேன். விழா முடியும்வரை என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மோர் கொடுத்தார்கள்.

இப்போது இந்த டப்பாவுக்கு வருகிறேன்.

இலஞ்சிக்குக் கீழே சிற்றாற்றங்கரையில் வெள்ளம் வடிந்த இடத்தில் பார்த்து எடுத்துவாரும் என்று சொல்லியிருந்தீர். அன்று குற்றாலம் மெயினருவியில் குளிக்கத் தடை. அந்தச் செய்தியை முப்பது சீசனாக எழுதிவருகிறேன். எழுதி அனுப்பிவிட்டு, சாரலில் நனைந்துகொண்டு நேராக உம் வீட்டுக்கு வந்துவிட்டேன். கேட்டைத் திறக்கும்போதுதான் மண் ஞாபகம் வந்தது. மேலே ஜன்னலில் உம் தலை தெரிந்தது. "கொண்டாந்தீராவே?" என்ற குரலும் கேட்டது.

இலஞ்சிக்குத் திரும்பிப் போயிருக்கலாம். நாலு கிலோமீட்டர். ஆனால் ஏற்கெனவே நனைந்திருந்தேன். மதினி அடுப்பில் உளுந்தவடை போடும் வாசனையும் வந்தது. வீட்டின் பக்கவாட்டில், தண்ணீர் டேங்க்கின் ஓரக் குழாய்க்கு நேர் கீழே, தாழ்வாரத்து ஓடு மறைத்ததால் மழை படாத இடத்தில், முந்தின நாள் தண்ணீர் வழிந்த மண் காய்ந்து கிடந்தது. டப்பா மூடியால் சுரண்டினேன். பைக் சீட்டில் வைத்து எழுதினேன்: 'சிற்றாற்றங்கரை, இலஞ்சிக்குக் கீழே.' போகாத இடத்துக்குப் போனதாக நான் எழுதியது வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான் என்று சொல்ல எனக்கு ஆசை.

உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தீர். ஜன்னல் பக்கம் கொண்டுபோனீர். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு விளக்கடியில் வைத்துக் காத்திருந்தீர். மேலே தோல் கட்டி, நரம்பு நரம்பாக வெடித்தது. விரலை வைத்தீர். உள்ளே போயிற்று. உம் கண் கலங்கியதை நான் பார்க்கவில்லை என்பதுபோல் வடையைப் பார்த்தேன்.

"இதுதான்வே" என்றீர்.

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. மறுவாரம் நீர், பஞ்சாப் ஆறும் நம் சிற்றாறும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கவேண்டும் என்று ஒரு கொள்கை உண்டாக்கினீர். அதைப் பற்றி ஒரு நிலவியல் பேராசிரியரிடம் கருத்துக் கேட்டு எழுதும்படி என்னைச் சொன்னீர். கேட்கிறேன் என்றேன். மண் தீரத் தீர, அதே இடத்திலிருந்து இன்னும் கொண்டுவரச் சொன்னீர். நானும் கொண்டுவந்தேன், உம் முற்றத்திலிருந்து. மாடியில் நீர் குனிந்து வேலை பார்க்கும் நேரமாகப் பார்த்து.

நாலு மாதத்தில் டேங்க்கும் படுகையும் முடிந்தன. டேங்க்கின் அடியிலும் சக்கரங்களிலும் பசை கலந்த சேறு. பக்கத்துக்கு ஐந்து சக்கரங்களும் அச்சு வரை புதைய, முன்பக்கம் ஒரு விரல் அகலம் கூடுதலாக இறங்கியிருந்தது. தட்டில் பசை இல்லாத உண்மையான மண். சாப் வருகிற அன்று காலையில் நனைத்து மேலே மட்டும் காயவிடவேண்டும் என்று திட்டம்.

சாப் வர மூன்று நாள் இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது.

நாம் இருவரும் பொரிகடலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தோம். வந்து மாடியேறினால், பலகையில் பதினோரு டேங்க்குகளும் பளபளவென்று நின்றன. புதுப் பச்சை. எல்லாவற்றுக்கும் நெற்றியில் சந்தனம், குங்குமம். பீரங்கிக் குழாய்களில் ஆளுக்கொரு செவ்வந்தி இதழ். மதினி பாத்திரச் சோப்பும் பழைய பல் பிரஷும் கொண்டு இரண்டரை மணிநேரம் தேய்த்திருக்கிறார். தட்டும் கழுவிக் கவிழ்த்தப்பட்டிருந்தது.

"வண்டின்னா கழுவிப் பொட்டு வைக்காண்டாமா அண்ணாச்சி? ஒவ்வொண்ணும் அம்புட்டு அழுக்கு. அதுல ஒண்ணு சேத்துக்குள்ளேயே கெடந்துச்சு" என்றார் மதினி என்னிடம். பிறகு உம் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்.

நீர் உட்கார்ந்தீர். பிறகு குனிந்து சக்கரங்களைப் பார்த்தீர். ஒவ்வொரு டேங்க்கின் முன்னாலும் இரு பக்கமும், எலுமிச்சம்பழம் வைக்கவேண்டிய இடத்தில், ஒவ்வொரு சுண்டைக்காய் இருந்தது.

"எலுமிச்சம்பழம் வச்சா வண்டியே மறைஞ்சிருது. அதான்" என்றார் மதினி, மெதுவாக.

"ஸ்கேல் சரியா இருக்கு" என்றீர்.

கோபம் என்று நீர் காட்டியது அவ்வளவுதான். ராணுவத்திலும் இந்த நாளில் டேங்க்கைக் கழுவிப் பொட்டு வைப்போம் என்று சொல்லிச் சுண்டைக்காய்களின் மேல் டேங்க்குகளை நீரே உருட்டி நசுக்கிப் பூஜையை முடித்தீர். பிறகு என் பக்கம் திரும்பினீர். மண் வேண்டும். உடனே போவோம். இந்தத் தடவை நானும் வருகிறேன் என்றீர்.

நான் மட்டும் போய்வருகிறேன் என்றேன். கேட்கவில்லை. மழை வரும் என்றேன். குடை எடுத்தீர். பத்து நிமிஷத்தில் என் பைக்கின் பின்னால் விரித்த குடையோடு நீர், இலஞ்சிக்குக் கீழே சிற்றாற்றங்கரை. கரையில் குந்தி ஒரு கை மண் அள்ளினீர். பிசைந்தீர். கொட்டினீர். பத்தடி தள்ளிப் போய் இன்னொரு கை. என்னைத் திரும்பிப் பார்த்தீர்.

"இது இல்லையேவே. எங்கன எடுத்தீரு?"

அருவியிலிருந்து வந்த தண்ணீர் நமக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"உம்ம வீட்டு டேங்க்குக்குக் கீழ."

"எந்த டேங்க்கு?"

"தண்ணி டேங்க்கு. வழியுமே, அதுக்கு நேரா கீழ."

நீர் எழுந்தீர். கையை வேட்டியில் துடைத்தீர். துடைத்த இடம் செம்மண் நிறமாயிற்று.

"முப்பது வருசமா பேப்பர்ல எழுதுதீரு."

"ஆமா."

"மெயினருவில தண்ணி கொட்டுதுன்னு வருசாவருசம் எழுதுதீரே. அதாச்சும் நெசமாவே?"

அது நிஜம் என்றேன். நீர் நம்பியதாகத் தெரியவில்லை. பைக்கில் ஏறித் திரும்பினோம். உம் தெரு முனையில் குடைக்கு உள்ளே ஏதோ குலுங்கியது. கோபத்தில் நடுங்குகிறீர் என்று நினைத்து வண்டியை நிறுத்தினேன். நீர் சிரித்துக்கொண்டிருந்தீர். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று பேராசிரியரிடம் கேட்டுவிட்டீரா என்று கேட்டீர். இல்லை என்றேன். நல்லதாகப் போயிற்று என்றீர்.

அந்த மண் ஏன் சரியாக இருந்தது என்று பிறகு துப்புத் துலக்கினோம். மாடி கட்டியபோது மிஞ்சிய எம்-சாண்ட் மணல், சிமெண்ட் தூசி, மதினி கொட்டிவந்த அடுப்புச் சாம்பல், எல்லாவற்றின்மேலும் பல வருஷம் வழிந்த தண்ணீர். ஒரு பஞ்சாப் ஆற்றுப்படுகை உண்டாக என்னென்ன வேண்டுமோ எல்லாம் உம் சோம்பலால் அங்கே சேர்ந்திருந்தது. ஆனால் பூஜைக்காக மதினி முற்றத்தையும் அலம்பித் தள்ளியிருந்தார். மேல்மண் போய்விட்டது. வேறு வழியில்லாமல், அடியில் மிஞ்சியதன்மேல் மறுபடி தண்ணீர் வழிய மோட்டாரைப் போட்டோம்.

"டேங்க் வழியுது" என்று மதினி உள்ளேயிருந்து கத்தினார்.

"வழியட்டும்" என்றோம் இருவரும்.

சாப் வந்த அன்று சாரல் இல்லை. காரிலிருந்து இறங்கியவர் ஆறடிக்கு மேல். வெள்ளைத் தாடி, நீலத் தலைப்பாகை, கைத்தடி. உம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஹிந்தியில் கேட்ட முதல் கேள்வி எனக்கே புரிந்தது: முழித்துவிட்டாயா? மாடிப்படியை ஒவ்வொன்றாக ஏறினார். மேசையில் தட்டு இருந்தது. டேங்க் அச்சு வரை புதைந்து உட்கார்ந்திருந்தது. மூன்று நாளில் முடிந்த அழுக்கைப் போட்டிருந்தீர். குங்குமம் மட்டும் போகவில்லை. பச்சையில் ஊறிப்போய், கோபுரத்தின் நெற்றியில் ஒரு மங்கிய சிவப்பு வட்டமாக நின்றது.

சாப் குனிந்து பார்த்தார். கைத்தடியை என்னிடம் கொடுத்தார். வெடித்த மேல்தோலின்மேல் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினார். முதல் கணு வரை உள்ளே போயிற்று. விரலை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார். அந்த நேரம் நீர் வேட்டியில் நின்றீர்; ஆனால் குதிகால் இரண்டும் ஒட்டியிருந்தன.

"சூக்கா தா" என்றார்.

காய்ந்துதான் இருந்தது.

நீர் என்னைப் பார்த்தீர். பார்வையின் பொருள் தெரிந்தது. நான் குறிப்பேட்டை எடுத்து, சொன்ன வார்த்தையையும் சொன்ன நேரத்தையும் எழுதினேன். பதினொன்று இருபது. சாப் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு, கோபுரத்தில் இருந்த பொட்டைக் காட்டி இது அப்போது இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றீர். இருந்திருந்தால் மாட்டியிருக்காது என்றார். பிறகு மதினி வைத்த சாப்பாட்டில் ரசத்தை மட்டும் மூன்று டம்ளர் குடித்துவிட்டு, காரில் ஏறும்போது உம் தோளைத் தட்டிச் சொன்னார்: "ஆனாலும் நீ தூங்கினாய்." டேங்க்கைத் தட்டோடு மடியில் வைத்துக்கொண்டு போனார்.

கார் முனை திரும்பியதும், உமக்கு வருத்தமா என்று கேட்டேன். நீர் முற்றத்தில் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்.

"ரெண்டு நிமிசம் கண்ணசந்தது நெசந்தான்வே" என்றீர்.

அப்படியானால் இந்த ஏழு மாதம், இந்த மண் என்று கேட்டேன்.

"மண்ணு காஞ்சுதான் இருந்துச்சு. முழிச்சிருந்தாலும் விட்டிருப்பேன். நான் சொன்னதுல தப்பு இருக்கா?" தப்பு இல்லைதான். "இத எழுதிராதேயும்."

எழுதவில்லை. சாப் உமக்கு ஒரு வருஷம் முன்னாலேயே போய்விட்டார். இனி ஆட்சேபிக்க யாரும் இல்லை என்பதால் இப்போது எழுதுகிறேன். அன்று மாலை நீர் மிச்சமிருந்த டப்பாவை எடுத்து, 'இதுதான்' என்பதை அடிக்காமல், அதன் கீழே சிவப்பு மையில் மூன்றாம் வரியை எழுதி, ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளும் என்று என் சட்டைப்பையில் போட்டீர். அதன்பின் நான் எழுதுகிற எதையும் நீர் சும்மா படிக்கவில்லை. 'நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன' என்று வந்தால் போதும், காலை ஏழு மணிக்குப் போன் அடிக்கும். "எந்த டேங்க்குக்குக் கீழவே?" அந்தப் போனுக்குப் பயந்தே நான் சில வருஷங்கள் அந்த வார்த்தையை எழுதவில்லை. இப்போது போன் வராது. ஆனாலும் கை வரவில்லை.

போன ஆயுத பூஜைக்கு மதினியைப் பார்க்கப் போனேன். பத்து டேங்க்குகளும் பலகையில் நின்றன. சந்தனம், குங்குமம், சுண்டைக்காய், எல்லாம் உண்டு. கழுவவில்லை. நீர் கடைசி வருஷங்களில் திரும்பப் போட்ட துரு, தூசி, சேறு, எல்லாம் அப்படியே இருந்தன. கேட்காமலே சொன்னார்: "கழுவினா அவுக போட்ட அழுக்கு போயிரும்லா அண்ணாச்சி." வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள். தண்ணீர் டேங்க்குக்கு உம் மகள் மிதவை வால்வு வைத்துக்கொடுத்துவிட்டாள், இப்போது வழிவதில்லை. கீழே முற்றம் முழுக்க சிமெண்ட் போட்டாயிற்று. ஆகவே அந்த ஆற்றுப்படுகையில் மிச்சம் இந்த டப்பாவில் இருப்பதுதான்.

நேற்று பேப்பரில் கொட்டியதையும் சேர்த்து, டப்பா மண் முழுவதையும் இன்று காலை ஒரு காபித் தட்டில் போட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு ஜன்னலோரம் வைத்தேன். பதினொரு மணிக்கு நிறம் வெளுக்கத் தொடங்கியது. பிற்பகலில் மேலே தோல் கட்டி, நரம்பு நரம்பாக வெடித்துவிட்டது. பார்த்தால் மாட்டுவண்டி போகலாம்.

விரலை வைத்தேன். உள்ளே போனது.

சரிபார்த்துவிட்டேன், ஓய்.